ஒரு சொல்லை நீக்க 39 ஆண்டுகள்

நம் ஊர்களின் எல்லையில் நுழையும்போது பற்சக்கரம் பொறித்த வரவேற்புப் பலகையொன்று கண்ணில் படும். பேருந்து நிழற்குடையிலும், அரசுப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியிலும், எரிவாயு தகன மேடையின் வாயிலிலும் அதே சக்கரத்தை நாம் பார்த்திருக்கிறோம். கோயில் குழல்விளக்கில் வெளிச்சம் மறையும் அளவுக்குப் பெயர் எழுதும் உபயதாரரை எள்ளி நகையாடும் நாம், இந்தச் சக்கரத்தையும் அதே வரிசையில் வைத்துக் கடந்து போய்விடுகிறோம். அந்தப் பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பதை விட, யார் பெயர் நெடுங்காலம் இல்லாதிருந்தது என்று கேட்டால் நமக்கு வேறொரு வரலாறு கிடைக்கிறது.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரத்து அலுவலக அறையொன்றில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடியதில் ரோட்டரி பிறந்தது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வோர் உறுப்பினரின் இடத்தில் முறை மாற்றிக் கூடியதால் அப்பெயர் வந்தது. தொடக்கத்தில் அதன் நோக்கம் பொதுச்சேவை அன்று; பெருநகரத் தனிமையில் தோழமை தேடுவதும், ஒருவருக்கொருவர் வணிகம் தேடித் தருவதுமே. சேவை என்னும் எண்ணம் சற்றுப் பிந்தித்தான் வந்தது. அதன் முதல் வடிவம் பொதுக் கழிப்பறை.

1907இல் சிகாகோவின் நடுப்பகுதியில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று சங்கம் முயற்சியைத் தொடங்கியது. எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆண்களுக்கு எங்கள் மதுக்கடைகளில் வசதி இருக்கிறதே என்றனர் மது உற்பத்தியாளர்கள். பெண்களுக்கு எங்கள் கடைகளில் இருக்கிறதே என்றனர் பெரும் பல்பொருள் அங்காடியினர். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் ஒரு கோப்பை மதுவையோ ஒரு முழம் துணியையோ வாங்க வேண்டியிருக்கும் என்பதே அதன் பொருள். 1909இல் நகர மன்றத்தின் அருகே கழிப்பறை திறக்கப்பட்டது. ஆண், பெண் இருபாலரின் தேவையையும் எண்ணிப் போராடிய சங்கத்தில் பெண் உறுப்பினர் ஒருவரும் இல்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தின் கதையும் இப்படிச் சிறிதாகத்தான் தொடங்கியது. 1917இல் அட்லாண்டா மாநாட்டில் ஆர்ச் கிளம்ப் என்பவர் உலக நன்மைக்கென ஒரு நிலைநிதி வேண்டும் என்றார். அதற்கு வந்த முதல் நன்கொடை கான்சாஸ் சிட்டி சங்கத்தின் 26 டாலர் 50 சென்ட். இதுதான் பின்னாளில் ரோட்டரி அறக்கட்டளையாக வளர்ந்தது. எந்த ஊர்ச் சங்கத்தின் கணக்கேட்டைப் புரட்டினாலும் நிதி வரும் வழிகள் ஏறத்தாழ ஒன்றுதான்: உறுப்பினர் சந்தா, கலைநிகழ்ச்சி நுழைவுச்சீட்டு, குலுக்கல் பரிசு, விருந்து, விழா மலர் விளம்பரம், கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவரிடம் வேடிக்கையாக வசூலிக்கும் அபராதம். இவற்றுள் சமையலும் உபசரிப்பும் சீட்டு விற்பனையும் பெரும்பாலும் யார் கையால் நடந்தேறின என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் இந்த உண்மைக்கு ஒரு தனி அமைப்பே உருவானது. முதல் உலகப் போர்க் காலத்தில் ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியர் சேவைப் பணிகளில் தோள்கொடுத்தனர். போர் முடிந்தபின் 1924இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் என்பவர் அவர்களைக் கூட்டி 'இன்னர் வீல்' சங்கத்தைத் தொடங்கினார். அவர் செவிலியர், தொழில் நடத்தியவரும்கூட. தொழில் செய்வோருக்கான சங்கத்தில் தொழில் செய்யும் அந்தப் பெண்ணுக்கு இடம் மனைவி என்ற முறையில், உள்சக்கரத்தில்தான் கிடைத்தது.

தடை இருந்தது ஒரே சொல்லில். சங்கங்களுக்கான அமைப்பு விதியில் உறுப்பினர் 'ஆண்' ஆக இருக்க வேண்டும் என்றிருந்தது. அந்தச் சொல்லை நீக்கக் கோரும் தீர்மானம் 1950ஆம் ஆண்டு மாநாட்டின் முன் வந்தபோது அதை முன்மொழிந்தது இந்தியாவில் இருந்த ஒரு சங்கம். 1964இல் பெண்களைச் சேர்க்க அனுமதி கேட்டு இலங்கையின் ஒரு சங்கம் தீர்மானம் அனுப்பியது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று பேராளர்கள் வாக்களித்தனர். நம் பக்கத்திலிருந்து எழுந்த இந்த இரு குரல்களும் இங்கே அதிகம் பேசப்பட்டதில்லை. சற்றுப் பிந்தி இவை நமக்குத் தேவைப்படும்.

லாஸ் ஏஞ்சலஸ் அருகே டுவார்ட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ச் சங்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 1977இல் சங்கத்தார் டோனா போகார்ட், மேரி லூ எலியட், ரோஸ்மேரி ஃபிரைடாக் என்னும் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்தனர். அடுத்த ஆண்டே தலைமையகம் அச்சங்கத்தின் அங்கீகாரத்தைப் பறித்தது. டுவார்ட்டிக்காரர்கள் கலையவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர், சட்டையில் குத்தும் சக்கரச் சின்னத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியிட்டு அணிந்துகொண்டனர், வாரந்தோறும் கூடினர், வழக்கும் தொடுத்தனர்.

முதலில் தோல்வி. 1986இல் கலிஃபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆண்களுக்குள்ளான தோழமை கெடும் என்பது தலைமையகத்தின் ஒரு வாதம். பல்வேறு பண்பாடுகள் கொண்ட அயல்நாடுகளில் பணியாற்ற இந்தத் தடை உதவுகிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வாதத்தைப் படிக்கும்போதுதான் நமக்கு 1950உம் 1964உம் நினைவுக்கு வருகின்றன. எந்த அயல்நாடுகளின் மனம் புண்படும் என்று காரணம் காட்டப்பட்டதோ, அத்தகைய நாடுகளிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்னும் கோரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தது. நம் மரபின் பெயரால் நம்மைக் கேளாமலே பேசும் வழக்கம் இந்தச் சங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

1987 மே 4 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக டுவார்ட்டியின் பக்கம் நின்றனர். தீர்ப்பின் தர்க்கம் எளியது. இருபதுக்கும் குறைவானவர் முதல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர் வரை உறுப்பினராக உள்ள சங்கங்கள், ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் விலகிப் புதியவர் வரும் சங்கங்கள், விருந்தினரை வரவேற்று ஊர் அறியச் சேவை செய்யும் சங்கங்கள், தம்மை வீட்டு முற்றம்போல் அந்தரங்கமானவை என்று சொல்லிக்கொள்ள முடியாது. பெண்களைச் சேர்ப்பதால் அவற்றின் சேவை எதுவும் கெடப்போவதில்லை. இதை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: ஊர் முழுவதிடமும் உண்டியல் ஏந்துகிறவன், என் வீட்டுத் திண்ணையில் யார் அமர்வது என்பது என் விருப்பம் என்று சொல்ல இயலாது. உண்டியலை ஏந்திய கணமே அந்தத் திண்ணை பொதுவாகிவிடுகிறது.

இதே ஆண்டுகளில்தான் அச்சங்கம் தன் வரலாற்றிலேயே மிகப்பெரிய நிதித் திரட்டலை நடத்திக்கொண்டிருந்தது. 1985இல் அறிவித்த போலியோ ஒழிப்புத் திட்டத்துக்கு வைத்த இலக்கு 12 கோடி டாலர். 1988இல் கணக்குப் பார்த்தபோது சேர்ந்திருந்தது 24 கோடியே 70 லட்சம். உலகத்துக் குழந்தைகளின் கால்களுக்காகச் சிற்றூர்ச் சங்கங்களும் விருந்து வைத்து, குலுக்கல் நடத்தி டாலர் சேர்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, அந்தக் குழந்தைகளின் தாய்மார் உறுப்பினராகக் கூடாது என்று அதன் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டிருந்தனர். இரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்துவிட முடியாது. இந்தியாவில் 2011 ஜனவரி 13க்குப் பிறகு இயற்கையான போலியோ வைரஸால் எந்தக் குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்காசிய வட்டாரத்துக்குப் போலியோ அற்ற சான்று கிடைத்தது. அதில் அந்த உண்டியலுக்குப் பங்கு உண்டு. வீடு வீடாகச் சென்று சொட்டு மருந்து ஊட்டிய எண்ணற்ற பெண்களின் கால்களுக்கும் பங்கு உண்டு.

தீர்ப்பு வந்த 1987இலேயே அரிமா சங்கமும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. டுவார்ட்டி சங்கத்தின் தலைவராகப் பள்ளித் தலைமையாசிரியர் சில்வியா விட்லாக் அவ்வாண்டில் பொறுப்பேற்றார். ரோட்டரியின் முதல் பெண் சங்கத் தலைவர்களுள் ஒருவர் அவர். 1989இல் 'ஆண்' என்னும் சொல் விதியிலிருந்து நீங்கியது. இந்தியச் சங்கம் கேட்டு 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1990 ஜூன் மாதத்தில் பெண் உறுப்பினர்கள் 20,200 பேர். உலகத் தலைவர் இருக்கையில் முதல் பெண்ணாக ஜெனிஃபர் ஜோன்ஸ் அமர்ந்தது 2022இல்.

சேவைச் சங்கங்களைப் பற்றி நம் இலக்கிய உலகில் ஒரு மெல்லிய ஏளனம் உண்டு. சால்வைகளும் நினைவுப் பரிசுகளும் குழு நிழற்படங்களும் அதற்கு இடம் கொடுத்துவிடுகின்றன. ஆயினும் ஒரு கழிப்பறையும், 26 டாலர் 50 சென்ட்டும், பெருக்கல் குறியிட்ட ஒரு சின்னமும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தக்கவை. சங்கத்தைத் திருத்தியது வெளியிலிருந்து வந்த ஏளனம் அன்று. விலக்கப்பட்ட பின்னும் வாரந்தோறும் கூடி, அதே சேவையைச் செய்துகொண்டே கேள்வி கேட்ட ஒரு சிற்றூர்க் கூட்டம்தான் அதைத் திருத்தியது. அதற்கு முன்பே, வெல்லும் நம்பிக்கை சிறிதும் இல்லாத காலத்தில், ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதிய இந்தியச் சங்கமொன்றும் இலங்கைச் சங்கமொன்றும் இருந்தன. ஊர் எல்லைப் பலகையில் அவற்றுக்கு இடமில்லை. நம் நினைவிலாவது இருக்கட்டும்.