பாடசாலை மண்டபத்தில் வைத்தியர்

1946ஆம் ஆண்டளவில், பிரித்தானிய நகரமொன்றின் ஆரம்பப் பாடசாலையில், வைத்தியர் வருகின்ற நாளிலே மண்டபத்தின் ஒரு மூலையில் தட்டி மறைப்பு எழும். அதன் பின்னால் நிறைகோலும் உயரமளக்கும் மரமும் வைக்கப்பட்டிருக்கும். சுவரிலே மேலிருந்து கீழாகச் சிறுத்துச் செல்லும் எழுத்துக்கள் கொண்ட அட்டை தொங்கும். மேலாடை களைந்த பிள்ளைகள் குளிரில் தோள்களைக் குறுக்கிக்கொண்டு வரிசையாக நிற்பர். தாதி நிறை பார்ப்பாள், கண்ணைச் சோதிப்பாள். வைத்தியர் நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்பார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்ப்பார், குனியச் சொல்லி முதுகெலும்பை நோக்குவார், பாதங்களையும் பார்ப்பார். பக்கத்து நாற்காலியிலே, அழைப்புக் கடிதம் பெற்று வந்த தாய் அமர்ந்திருப்பாள். ஒரு பிள்ளைக்கு இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றுக்கொடுப்பதற்கு அந்நாட்டிற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

இதன் தொடக்கம் இரக்கத்தினால் மட்டும் நேர்ந்ததன்று, அச்சத்தினாலும் நேர்ந்தது. 1899இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, மான்செஸ்டர் நகரிலே படையிற் சேர முன்வந்த ஆடவருள் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் உடற்றகுதியற்றவரெனத் திருப்பி அனுப்பப்பட்டனர். உலகின் கால்பங்கை ஆண்ட சாம்ராச்சியத்தின் தலைநிலத்திலே துப்பாக்கி தூக்கத்தக்க உடல்கள் இல்லையென்ற செய்தி ஆட்சியாளரைத் திடுக்கிடச் செய்தது. உடல்நலச் சீர்கேடு பற்றி ஆராய நியமிக்கப்பெற்ற குழு 1904இல் அறிக்கை வெளியிட்டது. 1906இல் பாடசாலைகளில் உணவளிக்க உள்ளூர்ச் சபைகளுக்கு அதிகாரம் தரப்பட்டது. 1907இல் வைத்திய பரிசோதனை சட்டமாயிற்று. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரோ "கல்வி (நிருவாக ஏற்பாடுகள்) சட்டம்" என்பது. நிலம், கட்டடம், கணக்கு ஆகியவை பற்றிய சிறு விதிகளுக்கிடையே இவ்விதி அமர்ந்திருந்தது. கல்விச் சபையின் செயலாளராயிருந்த ரொபர்ட் மொறன்ற், எதிர்ப்பாரின் கண்ணிற் படாதிருக்கவே அதனை அங்கு வைத்தார் என்பர். நல்ல காரியங்கள் சிலவேளை பின்வாசலால்தான் வீட்டினுள் நுழைகின்றன.

அச்சத்திற்கு முன்னரே இரக்கத்தினாற் செயலாற்றியவர்களும் இருந்தனர். பிராட்போர்ட் என்னும் கம்பளி ஆலை நகரிலே பாடசாலைச் சபை உறுப்பினராயிருந்த மாக்கிறெற் மக்மில்லன் அம்மையாரும், அச்சபையின் வைத்தியரான ஜேம்ஸ் கேர் என்பாரும் 1899இலேயே பிள்ளைகளைப் பரிசோதித்துக் குறிப்பெழுதினர். பசியோடும் நோயோடும் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் புகட்டுவது வீண் முயற்சி என்பதே அம்மையாரின் வாதம்.

1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. வைத்தியர் குறையைக் காணலாம். அதனைத் தீர்க்கும் கடமை எவருக்கும் இல்லை. சொத்தைப் பல், சீழ் வடியும் காது, மங்கிய பார்வை என்றெல்லாம் எழுதிய சீட்டு வீட்டிற்குச் செல்லும். தந்தையின் கூலி வாடகைக்கும் பாணுக்குமே போதாதிருக்கையில் அந்தச் சீட்டு அடுப்பங்கரைத் தட்டிலே கிடக்கும். அடுத்த பரிசோதனையில் அதே குறை மீண்டும் எழுதப்படும். சபைகள் நடத்திய சிகிச்சை நிலையங்கள் காலப்போக்கிற் பெருகினவெனினும், வசதியுள்ள ஊரில் ஒரு நீதி, வறிய ஊரில் ஒரு நீதி என்ற நிலை இரண்டாம் உலக மகாயுத்தம் வரை நீங்கவில்லை.

அந்த யுத்தமே நாட்டின் கண்ணைத் திறந்தது எனலாம். 1939 செப்டெம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாருமாக, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அரசாங்க ஏற்பாட்டில் அனுப்பப்பட்டனர். கழுத்திலே பெயர்ச்சீட்டும் தோளிலே நச்சுவாயு முகமூடிப் பெட்டியுமாக வந்திறங்கிய பிள்ளைகளை ஏற்ற கிராமத்து இல்லத்தரசியர், அவர்களின் தலையிலே பேனையும் தோலிலே சொறியையும் கண்டு திகைத்தனர். மாற்றுடுப்பும் நல்ல சப்பாத்தும் இல்லாது பலர் வந்தனர். பத்திரிகைகளில் ஆத்திரமான கடிதங்கள் வெளிவந்தன. "இந்தத் தாய்மார் என்ன தாய்மார்?" என்று கேட்டவர்கள் பலர். அப்பிள்ளைகள் எத்தகைய குடியிருப்புக்களிலிருந்து வந்தனர், ஒரு தண்ணீர்க் குழாயை எத்தனை குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன என்று கேட்டவர்கள் சிலரே. அச்சிலரின் கேள்வியே நிலைத்தது.

இவ்விடத்திலே பேன் பற்றிய கதையொன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலைத் தாதிமார் தலைகளைப் பார்த்து எழுதிய கணக்குகளின்படி பேன் தொல்லை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் கெனத் மெலன்பி என்ற பூச்சியியல் அறிஞர், தொற்றுநோய் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது உண்மை வேறாயிருந்தது. தொழில் நகரங்களிலே சிறுமியருள் ஏறத்தாழப் பாதிப் பேரின் தலையில் பேன் இருந்தது! 1941இல் வெளியான இம்முடிவு அதிகாரிகளைத் தலைகுனியச் செய்தது. தாதி வரும் நாள் தாய்மாருக்குத் தெரிந்தால் முதல்நாளிரவே சீப்பும் எண்ணெயும் வேலை செய்துவிடும். தாதியோ நூற்றுக்கணக்கான தலைகளை விரைந்து பார்த்துச் செல்பவள். மருத்துவமனைக்கு நோயுற்று வரும் பிள்ளை முன்னறிவித்தலின்றி வருகிறது. அன்றியும், பாடசாலைக் கணக்கிலே சேராத ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளே வீட்டிற் பேனின் இருப்பிடமாயிருந்தனர் என்பதும் வெளிப்பட்டது. பரிசோதனை என்பது தான் காண வந்ததையே காணாமற் போவதும் உண்டு.

உடற்போசாக்கின் கணக்கும் இத்தகையதே. நல்லது, நடுத்தரம், குறைவு என்று வைத்தியர் தம் கண்மதிப்பால் எழுதினார். வேலையின்மையால் வாடிய ஊரிலே எல்லாப் பிள்ளைகளும் மெலிந்திருக்கையில், மெலிவே அங்கு இயல்பாகத் தோன்றியது. ஒரே பிள்ளையை இரு வைத்தியர் இருவேறு வகுப்பில் இடுவதும், ஒரே வைத்தியர் தம் முந்திய முடிவைத் தாமே மாற்றுவதும் யுத்தத்திற்கு முன்னரே நிறுவப்பட்டிருந்தன. எனவே முப்பதுகளின் அறிக்கைகள் "போசாக்கின்மை அரிது" என்று கூறியதை அப்படியே நம்புவதற்கில்லை.

யுத்தம் முடியுமுன்னரே 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நிறைவேறியது. பட்லர் என்ற கல்வியமைச்சரின் பெயரால் அது வழங்கும். அதன்படி, அரசாங்கப் பணத்தில் நடைபெறும் ஒவ்வொரு பாடசாலையின் பிள்ளைக்கும் பரிசோதனை நடத்துவதோடு, கண்ட குறைக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் உள்ளூர்க் கல்வி அதிகாரிகளின் கடமையாயிற்று. பள்ளி வாழ்க்கையில் மூன்று முறையேனும் பரிசோதனை நிகழவேண்டுமென 1945ஆம் ஆண்டு விதிகள் கூறின. பார்வை குறைந்தோர், செவி மந்தமானோர், வலிப்பு நோயுற்றோர், பேச்சுத் தடையுள்ளோர் எனப் பதினொரு வகைப் பிள்ளைகளுக்குத் தனிக் கல்வி ஏற்பாடும் வகுக்கப்பட்டது. 1948 ஜூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபின், பாடசாலையில் மங்கற் பார்வை கண்டறியப்பட்ட பிள்ளை வட்ட மூக்குக்கண்ணாடியோடு வகுப்பிலே அமர்ந்தது. கரும்பலகையில் எழுத்து இருப்பதை அன்றுதான் அறிந்த பிள்ளைகளும் உண்டு.

பரிசோதனையோடு உணவும் கைகோத்தது. 1940இல் நாளொன்றுக்கு ஒன்றே கால் இலட்சம் அளவிலிருந்த பாடசாலை மதிய உணவு, 1945இல் பதினாறு இலட்சமாயிற்று. 1946 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்றிலொரு பைந்து பால் இலவசமாகக் கிடைத்தது. பனிக்காலத்திலே போத்தலின் வாயில் உறைந்தும், கோடையிலே வெயிலிற் சூடேறியும் இருந்த அந்தப் பாலைப் பற்றி முதியோர் முகஞ்சுளித்துப் பேசுவதுண்டு. சின்னஞ்சிறாருக்குக் கொட் மீனெண்ணெயும் தோடம்பழச் சாறும் மலிவாக வழங்கப்பட்டன. பங்கீட்டுக் கூப்பனின் இறுக்கத்திலும் பிள்ளைகளின் பங்கு காக்கப்பட்டது.

நோய்களுள் முதலில் வீழ்ந்தது தொண்டைக்கரப்பன் எனப்படும் டிப்தீரியா. 1940இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாற்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் அந்நோயுற்றனர். இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தடுப்பூசி இயக்கம் பாடசாலைகளிலும் சிசு நிலையங்களிலும் பரவியபின், 1957இல் நோயுற்றோர் தொகை ஐம்பதைக்கூட எட்டவில்லை. 1953 முதல் பதின்மூன்று வயதினருக்கு, சயரோகத்திற்கெதிரான பி. சி. ஜி. ஊசி பாடசாலையிலே குத்தப்படலாயிற்று. அவ்வழக்கம் 2005 வரை நீடித்தது.

இளம்பிள்ளைவாதம் மாத்திரம் வேறு விதமாய் நடந்துகொண்டது. 1947இல் அது பெருந்தொற்றாக எழுந்து ஏழாயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பற்றியது. 1956இல் தடுப்பூசி வந்தபோதும் இளைஞர் பலர் அசட்டையாயிருந்தனர். 1959 ஏப்ரலில் பேர்மிங்காம் நகரின் உதைபந்தாட்ட வீரரும் இங்கிலாந்து அணியில் ஆடியவருமான ஜெஃப் ஹோல், இருபத்தொன்பது வயதிலே அந்நோயால் மாண்டார். சின்னாட்களுக்கு முன்வரை மைதானத்தில் ஓடிய உடல் அது. அச்செய்தி பரவியதும் தடுப்பூசி நிலையங்களின் முன்னே கூட்டம் நிரம்பி வழிந்தது. பல்லாண்டுப் பிரசாரம் செய்யாததை ஒரு மரணம் செய்தது.

பற்களின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. யுத்தகாலத்திற் சீனி அருகியதால் சிறுவரின் பற்கள் முன்னிலும் நன்றாயிருந்தன. 1949 ஏப்ரலில் இனிப்புப் பண்டங்களின் பங்கீடு நீக்கப்பட்டபோது கடைகள் வெறிதாகின. ஆகஸ்டிலே மீண்டும் கட்டுப்பாடு வந்தது. 1953 பெப்ரவரியில் அது முற்றாக நீங்கியதும் பிள்ளைகள் காசைக் கையில் இறுக்கிக்கொண்டு கடைகளுக்கு ஓடினர். சொத்தைப் பல்லும் பின்தொடர்ந்தது. இதே காலத்தில், தேசிய சேவையிற் கிடைத்த கூடிய வருமானத்தை நாடிப் பாடசாலைப் பல்வைத்தியர் பலர் விலகிச் சென்றனர். யாவர்க்கும் நன்மை செய்யவந்த சேவை பிள்ளைகளின் பல்வைத்தியரைப் பறித்துக்கொண்டது ஒரு வினோதமே.

வைத்தியரின் கை எப்போதும் நன்மையே செய்ததென்றும் சொல்வதற்கில்லை. தொண்டைச் சதையை வெட்டியெடுக்கும் சிகிச்சை யுத்தத்திற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளிடையே மிகப் பரவியிருந்தது. அலிசன் குளோவர் என்ற வைத்திய அதிகாரி 1938இல் ஊருக்கூர் கணக்கெடுத்து ஒப்பிட்டார். இலண்டனின் வடபாலுள்ள ஹோர்ன்சியில் 1928இல் 186 பிள்ளைகளுக்கு அச்சிகிச்சை நடந்தது. புதிய பாடசாலை வைத்தியர் பொறுப்பேற்றபின் 1929இல் 12 பேருக்கே நடந்தது. பிள்ளைகளின் தொண்டைகள் ஓராண்டில் மாறவில்லை. பார்த்த கண்தான் மாறியது.

ஐம்பதுகளின் முடிவில் நிலைமை மாறிவிட்டது. எலும்பு வளைந்த கால்களும் சீழ் வடியும் காதுகளும் அருகின. எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்துவதைவிட, தேவையுள்ள பிள்ளையைத் தேர்ந்து நெடுநேரம் பார்ப்பதே மேல் என்ற கருத்து வலுப்பெற்றது. 1959ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடமளித்தன. 1971இல் ஏழு வயதிற்கு மேற்பட்டோரின் இலவசப் பால் நிறுத்தப்பட்டது. அன்றைய கல்வியமைச்சர் மாக்கிறெற் தட்சருக்கு அதனால் "பால் பறித்தவர்" என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. 1974 ஏப்ரல் முதலாந் திகதி பாடசாலைச் சுகாதார சேவை கல்வி அதிகாரிகளின் கையைவிட்டுத் தேசிய சுகாதார சேவையோடு இணைந்தது.

தட்டி மறைப்பின் பின்னால் எழுதப்பட்ட குறிப்புகளுட் சில எதிர்பாராத பயனையும் தந்தன. 1946 மார்ச்சில் ஒரே வாரத்திற் பிறந்த குழந்தைகளை ஜேம்ஸ் டக்ளஸ் என்ற வைத்தியர் ஆராயத் தொடங்கினார். அவர்களுள் 5,362 பேர் தொடர்ந்து பின்பற்றப்பட்டனர். பாடசாலை வைத்தியரும் தாதிமாருமே அவர்களை அளந்தும் சோதித்தும் விவரம் அனுப்பினர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைவிட உயரத்திற் குறைந்தே நின்றனர் என்பதை அவ்விவரங்கள் காட்டின; இலவசப் பாலும் உணவும் அந்த வேறுபாட்டை முற்றாக அழிக்கவில்லை. 1950இல், நான்கு வயதில், அப்பிள்ளைகள் உண்டது என்னவென்றும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதனைத் தொண்ணூறுகளின் சிறுவர் உண்டதோடு ஒப்பிட்ட ஆய்வு 1999இல் வெளியானபோது, கூப்பன் காலத்துப் பிள்ளையின் தட்டிலே பாணும் மரக்கறியும் கூடுதலாகவும், சீனியும் இனிப்புப் பானமும் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. அன்று நிறைகோலில் ஏறிநின்றவர்கள் முதுமை எய்தியபின்னும் ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்தனர். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் பிறந்தநாள் வாழ்த்து மடலும் அனுப்பிவந்தனர்.