அடுப்பில் ஒரு கால்

விட்டலாச்சாரியா (1920–1999) படங்களை 'மாயாஜாலம்' என்ற ஒற்றைச் சொல்லில் தாண்டிவிடுவது நம் வழக்கம். இயக்கத்துக்கு வந்த பிறகு நானும் அவற்றை மூடநம்பிக்கை என்று பேசியவன்தான். ஆனால் உடையார்பாளையம் டூரிங் டாக்கீஸின் மணல் தரை வேறு கதை சொல்கிறது.

1978இல் தெலுங்கில் வந்த 'ஜகன்மோகினி' தமிழ் பேசி எங்கள் ஊருக்கும் வந்தது. ஏமாற்றப்பட்டுச் செத்தவள் பேயாகத் திரும்புகிறாள். சமைக்க உட்கார்ந்தவள் தன் காலையே விறகாக அடுப்புக்குள் நீட்டுகிறாள். "டே, பொய்க்கால்டா!" என்று பையன்கள் நாங்கள் கத்தினோம். பெண்கள் பக்கம் எழுந்தது வேறு சிரிப்பு. பகலெல்லாம் முந்திரிக்காட்டில் சுள்ளி பொறுக்கியவர்கள் அவர்கள். "இப்படி ஒரு காலு இருந்தா நான் ஏன் காட்டுக்குப் போறேன்?" என்றாள் அத்தை.

தந்திரத்தை மறைக்கக் காசில்லாத படம் யாரையும் முழுசாக மயக்குவதில்லை. பயத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே, பார்ப்பவர் தன் பாட்டைப் பேச இடம் விடுகிறது. அந்த இடத்தில்தான் அத்தை பேசினாள்.

அத்தை பேயை நம்பினாள், படத்தை நம்பவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைத்தது நாம்தான்.