தோலை உரிக்கணும் என்று எழுதிய பிள்ளைக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை. படித்துவிட்டு எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அதற்குக் கீழே என் அக்கா பேரன் எழுதியிருந்தான்: “கோர்ட்டு எதுக்கு? நடுரோட்டுல நிக்க வச்சு உயிரோட தோலை உரிக்கணும்.” அதற்கு வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். தட்டியவர்களில் இரண்டு பேர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள்.

பேரா, உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோல் உரிக்கப்பட்ட ஒரு மனிதருக்கு நம் ஊரில் வருஷா வருஷம் திதி நடக்கிறது. உனக்குத் தெரியுமா?

வல்லாள மகாராஜா. கோயிலுக்குள் வல்லாள கோபுரம் என்று இருக்கிறதே, அவர் கட்டியதுதான். பிள்ளை இல்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது நம் ஊர்ப் புராணம். அதனால்தான் தைப்பூசத்தன்று ஈசான்ய குளத்துத் தீர்த்தவாரி முடிந்து சாமி திரும்பும்போது, ராஜா போரில் இறந்த செய்தி வந்ததாகச் சொல்லி மேளதாளத்தை நிறுத்திவிடுகிறார்கள். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் சாமியே போய் மகன் முறையில் திதி கொடுக்கிறார். சின்ன வயதில் என் தாத்தாவோடு நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன்.

சரித்திரத்தில் அவர் பெயர் மூன்றாம் வீர வல்லாளன், ஒய்சள அரசர். 1311இல் மாலிக் கபூர் துவாரசமுத்திரத்தின் மேல் படையெடுத்த பிறகு நிலைமை மாறியது. பிற்காலத்தில் நம் ஊரையே தலைநகராக வைத்துக்கொண்டார். கல்வெட்டில் உண்ணாமலைப் பட்டணம் என்று வருவது நம் திருவண்ணாமலைதான். மதுரை சுல்தான் கியாசுதீனோடு கண்ணனூர்க் கொப்பத்தில் போர். இன்றைய சமயபுரம் பக்கம். போர் நடந்தது 1342 வாக்கில். வல்லாளருக்கு அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது என்று எழுதியவர் இபின் பதூதா. மொராக்கோவிலிருந்து வந்த பயணி, டெல்லியில் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். அவருடைய மனைவியும் கியாசுதீன் மனைவியும் அக்கா தங்கை. ஆக, எதிரிக் கூட்டத்து ஆள் எழுதியதல்ல, சுல்தானின் சகலை எழுதியது.

அவர் சொல்வது இது. பிடிபட்ட கிழவரிடம் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்து, யானை குதிரை பொன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு கொன்றார்கள். தோலை உரித்து உள்ளே வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். தான் போனபோதும் அது தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அவர்கள்கூடக் கொன்ற பிறகுதான் உரித்தார்கள். நீ கேட்டது உயிரோடு.

இதைப் படித்துவிட்டு யாரும் மதச் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். அதே சுல்தான் காட்டில் பிடித்த ஜனங்களைக் கழுவில் ஏற்றினான், பெண்டு பிள்ளைகளையும் விடவில்லை. அதைக் கண்டு வெட்கக்கேடு என்றும், வேறு எந்த அரசனும் இப்படிச் செய்ததாகத் தான் அறிந்ததில்லை என்றும் எழுதியவர் அந்த முஸ்லிம் காஜிதான். கழுமரமும் வெளியூர்ச் சரக்கு அல்ல. மதுரையில் சமணர்களைக் கழுவேற்றியதாக நம் பெரியபுராணமே சொல்கிறது. நடந்ததா இல்லையா என்பது தனி வழக்கு, ஆனால் நடந்ததாகச் சொல்லிக்கொள்வதில் நமக்குக் கூச்சம் இருந்ததில்லை.

இபின் பதூதாவின் அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, இது கொடுமை. இன்னொன்று, இது வழக்கத்தில் இல்லாதது. 1689இல் இங்கிலாந்து பாராளுமன்றம் உரிமைச் சட்டம் எழுதியபோது இதே இரண்டு சொல்லையும் சேர்த்துத்தான் போட்டது: கொடியதும் வழக்கத்தில் இல்லாததுமான தண்டனை கூடாது. 1791இல் அமெரிக்கா தன் அரசியல் சட்டத்தின் எட்டாம் திருத்தத்தில் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு நூறு வருஷம் இங்கிலாந்தில் பெண்களைக் கம்பத்தில் கட்டி எரிக்கும் தண்டனை சட்டத்தில் இருந்தது, 1790இல்தான் எடுத்தார்கள். ஏன் தெரியுமா? அது வழக்கத்தில் இருந்தது! தினமும் நடந்தால் கொடுமையும் வழக்கமாகிவிடும். அந்தச் சொற்றொடரின் ஓட்டை அங்கேதான்.

நம் பழைய வழக்கம் எல்லாமே ரத்தம்தான் என்றும் நினைக்க வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகளில், வேட்டையில் விட்ட அம்பு தவறி ஆள் செத்துப்போனால், அம்பு விட்டவனைக் கொல்லாமல் கோயிலில் நந்தா விளக்கு வைக்கச் சொன்ன தீர்ப்புகள் இருக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு. செத்தவன் பேரில் விளக்கு எரியும், இவன் காலத்துக்கும் ஆட்டுக்கு நெய் அளந்துகொண்டிருப்பான். உடையார்குடிக் கல்வெட்டு இன்னொரு வகை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் கூட்டத்துக்குத் தண்டனை, அவர்கள் சுற்றத்தாரையும் சேர்த்துச் சொத்துப் பறிமுதல் என்றுதான் அதில் இருக்கிறது. அவர்கள் பிராமணர்கள், பிராமணனைக் கொல்லக் கூடாது என்பது அன்றைய தர்மம். வேறு சாதிக்காரன் செய்திருந்தால் கல்வெட்டில் என்ன இருந்திருக்கும் என்று வகுப்பில் கேட்பேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

இந்திய அரசியல் சட்டத்தில் அந்த இரண்டு சொல் கிடையாது. 21ஆம் பிரிவு மட்டும்தான்: சட்டம் வகுத்த முறைப்படி அன்றி யாருடைய உயிரையும் பறிக்கக் கூடாது. அதை வைத்தே இது கொடுமை என்று சொல்ல முடியும் என்று காட்டியது நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. வைத்தீஸ்வரன் வழக்கு. அந்த ஆள் நல்லவன் இல்லை. சுங்க அதிகாரி வேஷம் போட்டு ஆட்களைப் பிடித்துக் கொன்று கொள்ளையடிக்கத் திட்டம் போட்டவன். 1975 ஜனவரியில் தூக்குத் தண்டனை. அதன்பின் எட்டு வருஷம் தனிக் கொட்டடி. ஒவ்வொரு காலையும் இன்றைக்கா நாளைக்கா என்று. 1983 பிப்ரவரியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த எட்டு வருஷமே ஒரு தண்டனை, இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதமானால் தூக்கிலிடக் கூடாது என்று சொல்லி ஆயுளாகக் குறைத்தார். ஆறு வாரம்கூட நிற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, இரண்டு வருஷம் என்று கணக்கெல்லாம் வைக்க முடியாது என்றுவிட்டது. அதே வருஷம், கயிற்றில் தொங்கவிடும் முறை கொடுமையானது அல்ல என்றும் ஒரு தீர்ப்பு வந்தது.

இனி நான் சொல்ல வேண்டியது.

1995 ஏப்ரல் 27. சேலம் சிறையில் ஆட்டோ சங்கரைத் தூக்கில் போட்டார்கள். தமிழ்நாட்டில் அதுதான் கடைசி. மறுநாள் பேப்பரோடு எட்டாம் வகுப்புக்குப் போனேன். “கொலை செய்தவனைத் தூக்கில் போடுவது சரிதானே? சரி என்பவர்கள் கை தூக்குங்கள்” என்றேன். நான் முதலில் தூக்கினேன், பிள்ளைகள் தூக்காமல் என்ன செய்வார்கள்? மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தூக்கவில்லை. “ஏன், அவன் என்ன உனக்குச் சொந்தக்காரனா?” என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் குனிந்தபடி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

2011 ஆகஸ்டில் வேலூர் சிறையில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் செப்டம்பர் 9 என்று தேதி குறித்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற 21 வயதுப் பெண் தீக்குளித்து இறந்துபோனாள். அந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்த மாணவியின் அம்மாவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் சொன்னார். 1995இல் தன் கணவருக்குக் கீழ்க்கோர்ட்டில் தூக்கு ஆகியிருந்ததாம். உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டியது பாக்கி, அந்த ஏப்ரலில் காத்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு ஆயுளாகக் குறைந்தது. “அந்த வருஷம் பூரா அவ ராத்திரி தூங்கலை டீச்சர்” என்றார். எனக்கு நிற்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலூர் மூவருக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். கருணை மனு 11 வருஷம் டெல்லியில் கிடந்தது. 2014 பிப்ரவரி 18இல் தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கை ரத்து செய்தது. வைத்தீஸ்வரன் வழக்கில் சொன்னது 31 வருஷம் கழித்து வேறு வடிவில் திரும்பி வந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 19 வயதில் போனவர் 2022 மே மாதம் வெளியே வந்தார். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்துப்போன காவலர்களின் வீட்டார் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 2011 செப்டம்பரில் கயிற்றை மாட்டியிருந்தால் அந்த அதிகாரி வாய் திறந்து யாருக்கு என்ன பயன்?

பேரா, குழந்தையைக் கொன்றவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. சாகும்வரை உள்ளே இருக்கட்டும். மாசி மகத்துக்கு ஊருக்கு வா, பள்ளிகொண்டாப்பட்டுக்கு அழைத்துப் போகிறேன். வெயிலுக்குத் துண்டு கொண்டு வா.

மூன்றாவது பெஞ்சுப் பிள்ளைக்கு: நீ இந்தப் பக்கத்தைப் பார்ப்பாய் என்று தெரியும். இதற்குக் கீழே எதுவும் எழுதாதே, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. உன் அப்பா தவறிய செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்டிருக்கக் கூடாது. உன் அம்மாவிடம் அன்றே பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.