கோலாலம்பூர் வானில் ஒரு வல்லூறு



இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலர் போர் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள். சிரிக்காதீர்கள். வீடியோ விளையாட்டில்தான் சொல்கிறேன். கைத்தொலைபேசியைச் சாய்த்தால் திரையில் விமானம் சாய்கிறது. விரலை இழுத்தால் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேகத்துக்குள் ஏறுகிறது. பின்னால் துரத்தி வருகிறவனை ஒரே சுற்றில் ஏமாற்றிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று சுட்டுத் தள்ளிவிடலாம். எந்த விமானம் நல்ல விமானம் என்று கேட்டால், "டக்குன்னு திரும்புறதுதான் சார் நல்லது" என்று பதில் வரும்.

இந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி நம் ஊர் வானத்திலேயே நடந்த கதை. பூச்சோங்கிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது சுங்கை பீசி. அந்த விமானத் திடலுக்கு மேலே 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், டக்கென்று திரும்பும் விமானமும் திரும்ப முடியாத விமானமும் நேருக்கு நேர் மோதின. நம் தாத்தா பாட்டிமார் "ஜப்பான்காரன் காலம்" என்று சொல்வார்களே, அது இந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்த வழியில் இந்த மோதலும் ஒன்று. விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு விமானம் சட்டென்று திரும்புவது எதனால் என்று பார்ப்போம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வெறும் சைக்கிளை நிரைக்கு நிரை எப்படி வேண்டுமானாலும் ஒடித்துத் திருப்பலாம். அதே சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் டின்னைக் கட்டிக்கொண்டு திருப்பிப் பாருங்கள்! வளைவு பெரிதாகும், அவசரப்பட்டால் கவிழும். விமானமும் அப்படித்தான். அது பஸ்ஸைப் போலச் சக்கரத்தைத் திருப்பி வளைவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கை தரும் தூக்குவிசையைக் கொண்டே தன்னை வளைவுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆகவே, இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்பதுதான் கேள்வி. சுமை குறைந்தால் வளைவு சிறிதாகும்.

ஜப்பானிய இராணுவத்தின் விமானத்துக்கு கி-43 என்று பெயர். செல்லப்பெயர் ஹயபுசா, அதாவது வல்லூறு. நாகாஜிமா நிறுவனம் செய்தது. 1939 ஜனவரியில் முதன்முதல் பறந்தது. எண்ணெயும் குண்டும் நிரப்பிய பிறகும் அதன் எடை ஏறக்குறைய 2 டன்தான். இறக்கையின் பரப்போ 22 சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோகூட வராது. போதாததற்கு, சண்டையின்போது இறக்கையின் பின்பக்கத்திலிருந்து வெளியே நீளும் மடிப்புத் தகடுகளையும் வைத்திருந்தார்கள். அவற்றை விரித்தால் இன்னும் இறுக்கமாகச் சுழலும். பலர் இதைக் கடற்படையின் ஸீரோ விமானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அன்று எதிரே நின்று சண்டை போட்டவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். விளையாட்டில் ஸீரோவைப் பார்த்துப் பழகிய மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்: கோலாலம்பூர் வானத்தில் அன்று சுழன்றது ஹயபுசா.

பிரிட்டிஷ்காரர்கள் மலாயாவைக் காக்கக் கொண்டுவந்தது அமெரிக்காவில் செய்த பஃபலோ. பெயருக்கேற்ற எருமை. கட்டை உடம்பு, பருத்த வயிறு. எடை சுமார் 3 டன். இறக்கை 20 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவு. சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில் சுமை. இரண்டு விமானத்தின் இயந்திரமும் ஏறக்குறைய ஆயிரம் குதிரைச் சக்திதான் என்பதால், எது பால் டின் கட்டிய சைக்கிள் என்று சொல்லத் தேவையில்லை. எடையைக் குறைப்பதற்காகச் சில படைப்பிரிவினர் பெரிய துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுச் சின்னவற்றைப் பூட்டினார்கள். எண்ணெயையும் குறைத்து நிரப்பினார்கள்.

ஆனால் பஃபலோ பிறவியிலேயே உதவாக்கரை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பின்லாந்து நாடு இதே பஃபலோவின் எடை குறைந்த முந்திய வகையில் 44 விமானங்களை வாங்கியது. 1941க்குப் பிறகு சோவியத் விமானங்களுக்கு எதிராக அவை வெகு சிறப்பாகப் போரிட்டன. மலாயாவுக்கு வந்த பஃபலோ அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கவசம், துப்பாக்கி, கருவிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அதை நடக்க மாட்டாத எருமையாக்கிவிட்டார்கள்.

இனி நடந்ததைப் பார்ப்போம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். அந்தக் கடற்கரையைக் காத்து நின்றவர்கள் பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்கள். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுக்கு மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை. ஆஸ்திரேலியாவின் 453ஆம் படைப்பிரிவு அதற்கென்று சிங்கப்பூரில் தயாராக நின்றது. கப்பலிலிருந்து அழைப்பு வந்தபோது காலம் கடந்துவிட்டது. பஃபலோக்கள் போய்ச் சேர்ந்தபோது மாலுமிகள் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். இந்த 453ஆம் பிரிவுதான் பிறகு ஈப்போவுக்கு அனுப்பப்பட்டு, அங்கும் நிற்க முடியாமல் கோலாலம்பூருக்குப் பின்வாங்கி, சுங்கை பீசியில் வந்து நின்றது.

டிசம்பர் 22ஆம் தேதி பஃபலோக்கள் கோலாலம்பூருக்கு மேலே காவல் பறந்துகொண்டிருந்தன. ஹயபுசாக்கள் வந்தன. வந்தது 64ஆம் படைப்பிரிவு. தலைவர் மேஜர் தாதேயோ கத்தோ. போர் தொடங்கியபோது ஜப்பானிய இராணுவத்தில் ஹயபுசா வைத்திருந்த படைப்பிரிவுகள் இரண்டுதான், அதில் ஒன்று இது. அவர்களோ சீனாவில் ஏற்கெனவே சண்டை பார்த்தவர்கள். எதிரே இருந்த ஆஸ்திரேலிய இளைஞர்களில் பலருக்கு அந்த மாதம்தான் முதல் போர்.

பஃபலோ ஒரு வட்டம் போடுவதற்குள் ஹயபுசா அதைவிடச் சின்ன வட்டம் போட்டு அதன் வாலுக்கு வந்துவிடும். வளைந்து தப்பப் பார்ப்பது வீண். தலைகீழாகப் பாய்ந்து ஓடுவதுதான் ஒரே வழி. பல விமானங்கள் வீழ்ந்தன, சில துளைபட்டுத் திரும்பின. இரு தரப்பும் தாங்கள் வீழ்த்தியதாகச் சொன்ன கணக்கு உண்மையைவிடப் பெரிது. ஆகாயச் சண்டையில் அது வழக்கம்தான். ஆனால் முடிவில் சந்தேகமில்லை. இரண்டு நாளில், டிசம்பர் 24ஆம் தேதி, மிஞ்சிய விமானங்களோடு 453ஆம் பிரிவு சிங்கப்பூருக்குப் போய்விட்டது. சுங்கை பீசியின் வானம் அதன்பின் ஜப்பானியருக்குத்தான். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது.

இதில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ராடார் வசதி பெரும்பாலும் சிங்கப்பூர்ச் சுற்றுப்புறத்தோடு நின்றுவிட்டது. வடக்கே, கண்ணால் பார்த்துத் தொலைபேசியில் சொல்லும் காவலாளிகளைத்தான் நம்பியிருந்தார்கள். மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் பூச்சோங்கிலிருந்து சுங்கை பீசிக்குப் போக இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தில் எருமை தரையைவிட்டு எவ்வளவு உயரம் ஏறிவிடும்? விளையாட்டில் எதிரி வருவது திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. அன்று அந்தப் புள்ளி இல்லாமல்தான் போனார்கள்.

அப்படியானால் திரும்பத் தெரிந்த விமானமே நல்ல விமானம், பிள்ளைகள் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். 2 டன் எடை எப்படிக் கிடைத்தது? இருக்க வேண்டியவற்றை எடுத்துவிட்டதால் கிடைத்தது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கவசம் இல்லை. துப்பாக்கி இரண்டே இரண்டு. இறக்கையை அவ்வளவு மெலிதாகச் செய்ததால், முரட்டுத்தனமாகத் திருப்பும்போது விரிசல் கண்டு, பிறகு பலப்படுத்த வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விட முக்கியம், எண்ணெய்த் தொட்டி. அதில் ரப்பர் இல்லை.

ஆம், நம் ரப்பர்தான்! அந்தக் காலத்தில் பல நாட்டுப் போர் விமானங்களின் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி ரப்பர் அடுக்குகளைப் போர்த்தியிருப்பார்கள். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத இயற்கை ரப்பருக்கு ஒரு குணம் உண்டு: பெட்ரோல் பட்டால் ஊதிப் பருக்கும். குண்டு துளைத்து எண்ணெய் கசிந்தவுடன் உள் அடுக்கு ரப்பர் ஊதி ஓட்டையை அடைத்துவிடும். நெருப்புப் பிடிக்காது. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, தலைவிளக்கோடு மரம் வெட்டி எடுத்த பால், எங்கோ ஓர் ஓட்டுநரின் உயிரைக் காத்தது. உலகத்தின் ரப்பர் பெரும்பகுதி விளைந்த நாடுகளில் ஒன்று மலாயா. ஜப்பானியர் ஆசைப்பட்டு வந்தவற்றில் ரப்பரும் ஒன்று. ஆனால் பால்மரக் காடுகளுக்கு மேலே பறந்த அந்த முதல் வகை ஹயபுசாவின் தொட்டியில் அந்தப் போர்வை கிடையாது. கவசமும் ரப்பர் போர்வையும் அடுத்த வகையில்தான் சேர்ந்தன.

கத்தோவுக்கு அது உதவவில்லை. 1942 மே 22ஆம் தேதி பர்மாவின் அக்யாப் விமானத் திடலைத் தாக்கிவிட்டுத் திரும்பிய ஒற்றை பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தை அவரும் தோழர்களும் வங்காள விரிகுடாவின் மேல் துரத்தினார்கள். பிளென்ஹைமுக்கு வளையத் தெரியாது, வேகமும் போதாது. ஆனால் அதன் முதுகுக் கூண்டில் ஒரு துப்பாக்கிக்காரர் இருந்தார். அவர் சுட்டது கத்தோவின் விமானத்தில் பட்டுத் தீப்பிடித்தது. திரும்பிக் கரை சேர முடியாது என்று கண்டு அவர் விமானத்தோடு கடலில் பாய்ந்தார் என்கிறது வரலாறு. அந்த பிளென்ஹைம் பத்திரமாகத் திரும்பியது.

தோட்டத்து மக்களுக்கு வானத்துச் சண்டை வானத்தோடு முடியவில்லை. துரைமார்கள் தெற்கே ஓடினார்கள். வேலை நின்றது, அரிசி நின்றது, மரவள்ளிக் கிழங்கு சோறாயிற்று. பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நம் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் போய்த் திரும்பாமலே போனார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இடம் போதாது.

மாணவர்கள் விளையாட்டில் ஓட்டுவது ஜெட் விமானம் அல்லவா, அதற்கு வருகிறேன். நம் நாட்டு ஆகாயப்படை 1958இல் பிறந்தது. நளினமாக வளைவதில் பேர்போன ரஷ்ய மிக்-29 விமானங்கள் 18ஐ 1995இல் வாங்கினோம். அவை குவாந்தானில் இருந்து 2017 வரை பறந்தன. அடுத்து சுகோய்-30 எம்.கே.எம். அதுவும் 18, 2007 முதல் 2009 வரை வந்து சேர்ந்தன. சுமையேற்றினால் 30 டன்னைத் தாண்டும் இந்த யானை எப்படிச் சுழல்கிறது? இயந்திரத்தின் புகைவாயே திரும்பக்கூடியது. மூக்கருகே இன்னொரு ஜோடிச் சிறிய இறக்கைகளும் உண்டு. இந்த இரண்டு வகை விமானங்களுக்கும் நம் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் இந்திய ஆகாயப்படையினரும் உண்டு. சுகோய்க்கு 2008இல் இங்கேயே வந்து தங்கிக் கற்றுக்கொடுத்தார்கள்.

விளையாட்டில் இல்லாத ஒன்று உடம்பு. இப்படிப்பட்ட விமானத்தை முழு மூச்சாகத் திருப்பினால் ஓட்டுநரின் எடை ஒன்பது மடங்காகும். 30 கிலோ எடையுள்ள நம் பள்ளிப் பையனுக்கு அது 270 கிலோ. கை தூக்க வராது. இரத்தம் தலையைவிட்டுக் காலுக்கு இறங்கும். முதலில் நிறம் மறையும், பிறகு பார்வை இருளும், பிறகு நினைவே போகும். அதற்காகக் காலையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும் உடுப்பு அணிகிறார்கள், மூச்சைப் பிடித்துத் தசையை முறுக்கிக்கொள்ளப் பழகுகிறார்கள். பிள்ளைகள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் கெரோப்போக் வைத்துக்கொண்டு இதே திருப்பத்தைப் போடுகிறார்கள்!

சுங்கை பீசி ஆகாயப்படைத் தளம் 2018இல் மூடப்பட்டது. சுகோய் விமானங்களின் தளம் இருப்பது திரெங்கானுவின் வடகோடியில், கிளந்தான் எல்லையை ஒட்டிய கோங் கெடாக்கில். 1941 டிசம்பரில் கோத்தா பாரு வீழ்ந்த சில நாட்களில் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுவிட்டுப் போன விமானத் திடல்களில் கோங் கெடாக்கும் ஒன்று.