சங்கிலியும் வாசகரும்: மெர்ட்டன் கல்லூரி நூலகம்

ஆக்ஸ்ஃபோர்டு நகரின் மெர்ட்டன் கல்லூரி 1264ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது; நூலகத்துக்கென்று அதற்குத் தனிக் கட்டடம் அமைய நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை, தோல்தாளில் கையால் படியெடுக்கப்பட்ட விலைமிக்க நூல்கள் பெட்டகங்களில் பூட்டி வைக்கப்பட்டன. கல்லூரிச் சொத்தின் வருவாயில் வாழ்ந்து கற்ற 'ஃபெலோ' எனப்படும் உறுப்பினர்கள் அவற்றுள் வேண்டியவற்றைத் தமக்குள் பங்கிட்டு எடுத்துச் சென்று, அடுத்த பங்கீடு வரை தம் அறைகளிலேயே வைத்துப் படித்தனர். 'எலெக்டியோ' எனப்பட்ட இம்முறை எடுத்தவருக்கு வசதியாகவும் எடுக்காதவருக்கு இடையூறாகவும் இருந்தது.

இக்குறைக்கு மாற்றாகவே சங்கிலி வந்தது எனலாம். பலருக்கும் அடிக்கடி தேவைப்படும் நூல்கள் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டுப் பொது இடத்தில் பிணைக்கப்பட்டன. சிச்செஸ்டர் ஆயர் வில்லியம் ரீடின் பொருளுதவியுடன் 1370களில் மாடியில் எழுந்த நூலகத்தின் குறுகிய சன்னல்கள், பகல் வெளிச்சத்தையே நம்பிப் படித்தவர்களை மனத்திற்கொண்டு வரிசையாக அமைக்கப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹென்றி சாவில் கல்லூரித் தலைவராக இருந்தபோது, பழைய சாய்மேசைகளின் இடத்தில் உயரமான அடுக்குகள் வந்தன. சங்கிலியின் ஒரு முனை நூலட்டையின் வெளி விளிம்பிலும், மறுமுனையிலிருந்த வளையம் அடுக்கையொட்டி ஓடிய இரும்புக் கம்பியிலும் மாட்டப்பட்டிருந்ததால், வாசகர் நூலை உருவிக் கீழுள்ள பலகையில் விரித்துப் படிக்க முடிந்தது. எடுத்துச் செல்ல முடியவில்லை. முதுகில் பிணைத்தால் சங்கிலி நூலைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும் என்பதால், நூல்கள் முதுகு உள்ளேயும் தாள்களின் விளிம்பு வெளியேயுமாக, இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக நிறுத்தப்பட்டன.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை விளக்கும்போது, அவ்விதி புறக்கணிக்கப்பட்டதற்குச் சான்றாகச் சங்கிலியைக் காட்டினார். பூட்டிய அலமாரிகளை எதிர்த்துப் போராடிய நூலகருக்கு அது இயல்பான வாதமே. ஆனால் பூட்டிய பெட்டகத்துக்கும் பங்கீட்டுக்கும் பின் வந்த மெர்ட்டனின் சங்கிலிக்கு அது முழுவதும் பொருந்தாது.

அக்கல்லூரியின் ஃபெலோவாக இருந்த தாமஸ் பாட்லி, சிதைந்து கிடந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தைப் புதுப்பித்து 1602இல் திறந்தபோது, அங்கும் சங்கிலிகள் இருந்தன. நூலை வெளியே கொடுப்பதில்லை என்ற விதியும் இருந்தது. 1645இல் முதலாம் சார்லஸ் மன்னர் கேட்டனுப்பிய நூலும் அவ்விதியின்படியே மறுக்கப்பட்டது. அச்சு நூல்கள் பெருகி, சங்கிலி வெறும் செலவாகிவிட்ட 18ஆம் நூற்றாண்டில் பாட்லியன் நூலகம் 1757 முதலும், மெர்ட்டன் 1792இலும் அவற்றைக் கழற்றின. வெளியே கொடுப்பதில்லை என்ற பாட்லியின் விதியோ சங்கிலிகள் போன பின்னும் நீடித்தது.