வெந்நீர் அண்டாவும் மணமற்ற நஞ்சும்

ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் குடியேறிய நாம் முதலில் உணர்ந்தது குளிரை. அந்நாளில் குளியலறை அண்டாவின் கீழே விறகு எரிந்தது. புகை கண்ணைக் கரித்தது. நாம் வைதுகொண்டே வெளியேறினோம். அது காவலென்று அறிந்தோமில்லை.

1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார்த் தங்கவயலுக்குச் சென்றது; 1905-இல் பெங்களூர்த் தெருக்கள் மின்னொளி பெற்றன. வீடுகளுக்கு மின்சாரக் கீசரும், பின்னர் எரிவாயுக் கீசரும் வந்தன. புகை போயிற்று. ஆனால் மூடிய அறையில் காற்றுப் போதாமல் எரியும் எரிவாயு கார்பன் மோனாக்சைடைப் பிறப்பிக்கிறது. (கரியமில வாயு வேறு, பலர் இரண்டையும் ஒன்றென மயங்குவர்.) சிலிண்டர் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், இதற்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாகக் குருதியின் செம்பொருளைப் பற்றிக்கொள்ளும். 1895-இல் ஆங்கில நாட்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன் இதைத் தாமே சுவாசித்து ஆராய்ந்தார். சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டு செல்லச் சொன்னவரும் அவரே; பறவை முதலில் சோரும், தொழிலாளி தப்புவான்.

நம் குளியலறையில் பறவை இல்லை. எரிவாயுக் கீசரால் இந்நகரத்து இளந்தம்பதியர் மாண்ட செய்திகளும் இந்நூற்றாண்டில் வந்துள்ளன. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துக. குளிருக்கு அஞ்சிப் பலகையிட்டு அடைத்த சாளரத்தைத் திறந்துவிடுக. தலைவலியோ மயக்கமோ தோன்றினால், குளியலை அரைகுறையாக விட்டேனும் உடனே வெளிக்காற்றுக்கு வருக.