வரிக் கழுதை

மெக்ஸிகோ தேசத்தின் வடமேற்கு மூலையில் டிஹுவானா என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கடைவீதியில் ஒரு விசித்திரப் பிராணியைக் காணலாம். தூரத்தில் பார்த்தால் வரிக்குதிரை. கிட்டப் போனால் கழுதை. வெள்ளைக் கழுதையின் உடம்பில் கறுப்புச் சாயத்தால் கோடு கோடாகத் தீட்டி, ஒரு வண்டியில் பூட்டி நிறுத்தியிருப்பார்கள். உல்லாசப் பிரயாணிகள் அகலத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் வெள்ளைக் கழுதை வெளிறிப்போய்ப் படத்தில் சரியாக விழவில்லையாம். அதற்காகச் செய்த யுக்தி என்கிறார்கள்.

கழுதை பாவம். தன் மேல் யார் என்ன தீட்டினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? 'பாப நகரம்' என்று உலகமெல்லாம் பெயர் வாங்கிய அந்த ஊரைப் பற்றியும் எனக்கு அதே எண்ணம்தான். இந்த விஷயத்தில் நானும் யோக்கியன் அல்ல. பல வருஷங்களுக்கு முன் எழுதிய தொடர்கதை ஒன்றில், பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஒரு பேர்வழியை இப்படியோர் எல்லை ஊருக்குத்தான் அனுப்பி வைத்தேன். மதுவும் சூதும் மற்றதும் அந்த மண்ணில் அருகம்புல் மாதிரி தாமாக முளைப்பவை என்பது போல எழுதியும் வைத்தேன். அந்த உறுத்தல்தான் டிஹுவானாவின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

1848-ல் அமெரிக்காவுக்கும் மெக்ஸிகோவுக்கும் நடந்த யுத்தம் முடிந்து உடன்படிக்கை ஆயிற்று. கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போயிற்று. சான் டியாகோ துறைமுகத்துக்குத் தெற்கே புதிய எல்லைக்கோடு விழுந்தது. கோட்டுக்குத் தெற்கே மாட்டுப் பண்ணை ஒன்றும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றும்தான் இருந்தன. ஊர் பிறந்த நாளாக 1889 ஜூலை 11-ஐச் சொல்கிறார்கள். பிறந்த பிறகும் இருபது வருஷம் அது சவலைப் பிள்ளையாகத்தான் கிடந்தது.

ஊட்டம் வந்தது வடக்கிலிருந்து. ஆனால் அங்கே யாரும் இந்த ஊரை வளர்க்க நினைக்கவில்லை; தங்கள் ஊரைச் சுத்தம் செய்யத்தான் நினைத்தார்கள். 1909-ல் கலிபோர்னியா சர்க்கார் குதிரைப் பந்தயச் சூதைத் தடை செய்தது. 1912-ல் சான் டியாகோ போலீஸார் துறைமுகத்தை ஒட்டிய தாசித் தெருக்களில் புகுந்து, அங்கிருந்த பெண்களை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். மறு வருஷம் அத்தகைய விடுதிகளை மூட மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது. ஓர் அறையைப் பெருக்கிக் குப்பையை நிலைப்படிக்கு வெளியே தள்ளினால், குப்பை எங்கே போகும்? அடுத்த வீட்டு வாசலுக்குத்தானே?

1916 ஜனவரி முதல் தேதி டிஹுவானாவில் குதிரைப் பந்தய மைதானம் திறந்தார்கள். நடத்தியவர் ஜேம்ஸ் காப்ராத், சான் பிரான்ஸிஸ்கோவில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்திப் பேர்போனவர். திறந்த மாதமே பிடித்தது மழை! இந்த மழைக்கு ஒரு கதை உண்டு. சான் டியாகோ நகரசபையார் வறட்சிக்குப் பயந்து, சார்லஸ் ஹாட்பீல்டு என்ற 'மழை வரவழைப்பவரை' அழைத்து, ஏரி நிரம்பினால் 10,000 டாலர் தருவதாகப் பேசியிருந்தார்கள். நம் ஊரில் வருண ஜபம் செய்வார்கள். அவர் மரக்கோபுரம் கட்டி அதன் உச்சியில் ஏதோ ரசாயனத்தை ஆவியாக விட்டார். அவர் கைராசியோ, தற்செயலோ, மழை கொட்டித் தீர்த்தது. அணை உடைந்தது, ஜனங்கள் மாண்டார்கள். எல்லைக்கு அப்பால் புத்தம் புதிய பந்தய மைதானமும் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. நகரசபை அவருக்குப் பணம் கொடுக்கவே இல்லை. மைதானம் மட்டும் சில மாதத்தில் எழுந்து நின்றது. நல்ல காரியம் என்றால் ஒரு வெள்ளத்தோடு போயிருக்கும்!

அப்போது அந்தப் பிரதேசத்தின் கவர்னர் எஸ்தெபான் கான்தூ. தலைநகரான மெக்ஸிகோ நகரமோ வெகு தூரம். அங்கே புரட்சியும் குழப்பமும். கஜானாவில் காசு இல்லை. சூதாட்ட விடுதிகளுக்கும் மதுக்கடைகளுக்கும் லைசென்ஸ் கொடுத்து வரி வாங்கினார். அந்தப் பணத்தில் சாலை போட்டார், பள்ளிக்கூடம் கட்டினார். சேற்றில் விளைந்த நெல்லும் நெல்தான் என்பது அவர் கட்சி போலும். கழுதையின் வரிக்கு இப்படி இன்னோர் அர்த்தமும் சொல்லலாம்.

1920 ஜனவரி 17-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. டிஹுவானாவின் ஜாதகமே மாறிவிட்டது. ஏறக்குறைய ஆயிரம் பேர் வசித்த ஊர், பத்தே வருஷத்தில் எட்டாயிரத்தைத் தாண்டியது. பிரதான வீதியின் இரு புறமும் மதுக்கடைகள். ஒரு கடையில் கோப்பைகள் வைக்கும் பலகை உலகத்திலேயே நீளமானது என்று விளம்பரம் செய்தார்கள். 1924-ல் சீஸர் கார்டினி என்ற இத்தாலியர் தம் ஹோட்டலில் கூட்டம் நெரிந்து சாமான் தீர்ந்துபோன ஒரு நாளில், கையில் கிடைத்த கீரையையும் ரொட்டித் துண்டையும் கலந்து பரிமாறினார் என்றும், அதுவே சீஸர் ஸாலட் ஆயிற்று என்றும் ஐதிகம்.

சரி, பணம் யாருக்குப் போயிற்று? பெரிய விடுதிகளின் முதலாளிகளில் பலர் வடக்கத்தி அமெரிக்கர்கள். ஆரம்பத்தில் சீட்டுப் போடுபவன், மது ஊற்றுபவன் வரையில் பலரும் காலையில் எல்லை தாண்டி வந்து, இரவில் கூலியோடு திரும்பிப் போனவர்கள். எங்கள் மண்ணில் எங்களுக்கே வேலை இல்லையா என்று உள்ளூர்த் தொழிலாளிகள் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. குடித்தவன் வெளியூரான், விற்றவன் வெளியூரான். கெட்ட பெயர் மட்டும் உள்ளூருக்கு. வடக்கே விரட்டப்பட்ட அந்தப் பெண்களைப் பற்றி ஏட்டில் அதிகம் காணோம். பந்தயக் குதிரைக்குப் பெயர் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

அமெரிக்க அதிகாரிகள் எல்லைக் கதவை இரவு ஒன்பது மணிக்குச் சாத்திப் பார்த்தார்கள். 1926-ல் மாலை ஆறு மணிக்கே சாத்தினார்கள். ஆட்டத்தில் மெய்ம்மறந்தவன் ஆறு மணிக்கு எழுந்து வருவானா? விடியும்வரை அங்கேயே தங்கினான். விடுதிக்காரனுக்கு அறை வாடகையும் சேர்ந்தது!

1928-ல் அந்த வெந்நீர் ஊற்றின் பக்கத்திலேயே அகுவா கலியெந்தே என்ற மாளிகை எழுந்தது. சூதாட்ட மண்டபம், நீச்சல் குளம், பிறகு பந்தய மைதானம். மூன்று அமெரிக்கர்களோடு கவர்னர் அபெலார்தோ ரொட்ரிகஸும் பங்காளி. பின்னால் மெக்ஸிகோவின் ஜனாதிபதியே ஆனார் அவர். கட்டடத்துக்குத் திட்டம் போட்ட வெய்ன் மக்காலிஸ்டருக்கு வயது இருபதை ஒட்டித்தான். ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்து குவிந்தார்கள். தகப்பனாரோடு அங்கே நடனம் ஆடிய மார்கரிட்டா கான்ஸினோ என்ற சிறுமிதான் பிற்பாடு ரீட்டா ஹேவொர்த் என்று கொடிகட்டிப் பறந்தவள். 1932-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த பார் லாப் குதிரை இங்கே பந்தயத்தில் ஜயித்து, இரண்டு வாரத்தில் கலிபோர்னியாவில் செத்துப் போயிற்று.

1933-ல் கலிபோர்னியா குதிரைப் பந்தயச் சூதை மீண்டும் அனுமதித்தது. அவ்வருஷ டிசம்பரில் மதுவிலக்கும் ரத்தாயிற்று. 1935-ல் ஜனாதிபதி லாஸரோ கார்தெனாஸ் மெக்ஸிகோவில் சூதாட்டத்தைத் தடை செய்தார். விளக்குகள் அணைந்தன. ஆனால் யுத்தம் வந்தபோது சான் டியாகோ கடற்படைச் சிப்பாய்களால் நிரம்பி, பழைய தெருக்கள் மறுபடி விழித்துக்கொண்டன. வடக்கு வட்டாரம் என்ற அந்தப் பகுதி இன்றைக்கும் அப்படித்தான்.

அகுவா கலியெந்தேயை மட்டும் கார்தெனாஸ் சும்மா விடவில்லை. சர்க்கார் சொத்தாக எடுத்துக்கொண்டார். சூதாடிய இடத்தில் 1939-ல் பையன்கள் தொழிற்கல்வி படிக்க வந்தார்கள். இப்போதும் அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது. மைதானத்தின் ஓரத்தில் மசூதி ஸ்தூபி போல அழகான கோபுரம் ஒன்று நிற்கிறது. அருகில் மசூதி எதுவும் இல்லை. அது மாளிகையின் சலவைக்கூடத்துப் புகைபோக்கி.